பக்கத்து சீட்

அத்தான் ஷோரூம் தரையில் மண்டியிட்டு, ஒரு முன்சக்கரத்தின் நடுவிலிருந்து மறு முன்சக்கரத்தின் நடுவுக்கு இன்ச் டேப்பை இழுத்துக்கொண்டிருந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்தபடி குனிந்திருந்த விற்பனையாளரின் டை தரையைத் துடைத்தது. வண்டியின் அகலம் விளம்பரத் தாளிலேயே இருக்கிறது என்று அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டார்.

“உடம்பு எவ்வளவு அகலமா இருந்தா என்ன தம்பி. கால் எவ்வளவு அகட்டி நிக்குதுன்னு பாக்கணும்,” என்றார் அத்தான்.

என் கணவர் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டியபடியே, “அப்படியே எனக்கும் ஒரு பேன்ட் அளவு எடுத்துடுங்க சகலை,” என்றார். விற்பனையாளர் மட்டும் சிரித்தார். அத்தான் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, அடுத்த வண்டிக்குப் போனார்.

என் அக்கா போன வருடம் கார் கவிழ்ந்து இறந்தாள். வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத, உயரமான வண்டி. ஓட்டியது அவள். பக்கத்து சீட்டில் அத்தான். ஊருக்கு வெளியே, ஆளில்லாத நேர்ச்சாலையில் ஒரு நாய் குறுக்கே ஓடியிருக்கிறது. ஸ்டியரிங் சட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பி, வண்டி தாரைவிட்டு இறங்கி, ஓரத்து மண்ணில் சக்கரம் புதைந்து உருண்டுவிட்டது. அத்தானுக்குத் தோள் எலும்பு முறிந்தது. அக்காவை வெளியே எடுக்கக் கூரையை வெட்ட வேண்டியிருந்தது. அவர்கள் குழந்தைகள் இருவரும் அன்றைக்கு என் வீட்டில் இருந்தார்கள்.

அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் மாஸ்டர். அதனால் துக்கம் கேட்க வந்தவர்களில் அநேகம் பேர் அவரிடம் கற்றவர்கள். எல்லோருக்கும் விபத்தைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. மாஸ்டர் பக்கத்தில் இருந்தும் இப்படி ஆகிவிட்டதே என்றார்கள். புது வண்டி, பழகாத கை, நாயைப் பார்த்ததும் பதறி ஒடித்திருப்பாள் என்றார்கள். பெண்கள் ஓட்டினால் பயத்தில் கை முந்திக்கொள்ளும் என்று ஒருவர் சொன்னார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அத்தான் தோள் கட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த மூத்த மகள், பெரியவள், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு இரண்டு குடும்பமும் ஒரே வீட்டுக்கு வந்தோம். ஆறு பேருக்குப் போதுமான வீடு ஊரின் ஓரத்தில்தான் கிடைத்தது. பள்ளிக்கூடம் மறு ஓரத்தில் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். பெரியவளின் தம்பி, ஐந்து வயதான குட்டி, இரண்டாவது பஸ்ஸில் தவறாமல் வாந்தி எடுப்பான். பெரியவள் அவன் சட்டையைத் துடைத்துவிட்டு, அந்த ஈரக் கைக்குட்டையோடே வகுப்புக்குப் போவாள். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடை பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருதான். கார் இருந்தால் எல்லோரையும் நானே கூட்டிப்போய், நானே கூட்டிவரலாம். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று போன் வந்தாலும் ஸ்கூட்டரில் ஓடிவிடுவார், காரில் ஸ்டியரிங் பக்கம் போகமாட்டார். அத்தான் தன் ஓட்டுநர் பள்ளியை மூடிவிட்டார். இப்போது வேறொருவரின் பள்ளியில் கரும்பலகையில் சாலைக் குறிகளை வரைந்து பாடம் எடுக்கிறார். இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டார். ஆக, ஓட்டப் போவது நான்தான்.

ஆனால் பெரியவள் நான் ஓட்டும் வண்டியில் ஏறமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரரின் காரை ஒருமுறை இரவல் வாங்கி வந்தபோது, தெருவில் கால் ஊன்றி நின்றுவிட்டாள். கெஞ்சினேன். அதட்டினேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டே, “உனக்கும் அம்மா கைதான் சித்தி,” என்றாள். பன்னிரண்டு வயதுப் பெண் அதைத் திட்டாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு வியாதி இருப்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள். ஒரு தடவை வாடகைக் காரைப் பெண் ஒருத்தி ஓட்டிவந்தாள் என்று அதிலிருந்தும் இறங்கிவிட்டாள்.

கார் வாங்குவது எங்களுக்குப் பெரிய பாடாக இல்லை. வாங்கிய காரில் அவள் ஏறுவாளா என்பதுதான் பெரும்பாடு.

அத்தான் அந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். கவிழாத வண்டியாகப் பார்த்து வாங்கினால் அவள் ஏறுவாள் என்றார். ஒருநாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் தீப்பெட்டியை நெட்டுக்குத்தலாக நிறுத்தினார். தட்டை லேசாகச் சாய்த்தார். பெட்டி விழுந்தது. அதே பெட்டியைப் படுக்கவைத்துச் சாய்த்தார். வழுக்கியது, ஆனால் புரளவில்லை. எடையின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சக்கரங்கள் எவ்வளவு அகலமாக நிற்கின்றன, இந்த இரண்டும்தான் விஷயம் என்றார். தட்டையான சாலையில் வண்டி தானாகக் கவிழ்வது அபூர்வம்; தாரைவிட்டு இறங்கி மண்ணிலோ ஓரக்கல்லிலோ சக்கரம் தட்டும்போதுதான் கவிழும், அப்போது உயரமான வண்டிக்குத் தப்பிக்க இடமே கிடையாது என்றார். வழுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியாகப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு இருக்க வேண்டும், பக்கவாட்டில் திரைபோல விரியும் காற்றுப்பை இருக்க வேண்டும், கூரை நசுங்காததாக இருக்க வேண்டும், மேலே ஒரு பெட்டிகூடக் கட்டக் கூடாது, எல்லோரும் பெல்ட் போட வேண்டும்.

“லிஃப்டுல எட்டுப் பேருன்னு எழுதியிருக்கும், பத்துப் பேர் ஏறுவாங்க. அதையும் கணக்குல சேத்துக்குங்க சகலை,” என்றார் என் கணவர்.

அத்தான் பெரியவளை மட்டுமே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். நிறுத்திவைத்த தீப்பெட்டியைக் காட்டி, “அம்மா ஓட்டினது இது. தப்பு வண்டி மேலம்மா,” என்றார்.

அவள் பெட்டியை எடுத்து, உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தாள். நாய் வந்தபோது ஒடிக்காமல் நேராக பிரேக் போட்டிருந்தால் இந்தப் பெட்டிகூட விழுந்திருக்காதே என்று கேட்டாள். அதுவும் அவர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த பாடம்தான். அத்தான் தட்டை நிமிர்த்தி, கழுவும் தொட்டியில் கொண்டுபோய் வைத்தார்.

அன்று எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. இறந்த மனைவியின் பெயரை மகளிடமிருந்து காப்பாற்ற, ஒரு மனிதர் வண்டிகளின் உயரத்தை மனப்பாடம் செய்கிறார் என்று நினைத்தேன்.

ஷோரூமில் எங்கள் முன் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று உயரம், மூன்றாவது வரிசையில்கூடப் பெரியவர்கள் காலை நீட்டலாம். என் கணவருக்கு அதில்தான் கண். விற்பனையாளரும் அதையே தள்ளினார். உயரத்தில் உட்கார்ந்தால் ரோடே நம் கைக்குள் இருப்பதுபோல இருக்கும் என்றார். இன்னொன்று தாழ்ந்து, அகன்று, பார்க்கக் கொஞ்சம் அசடாக இருந்தது. அதன் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். அத்தான் டேப்பைச் சுருட்டி, அந்த அசட்டு வண்டியின் கூரையில் கையை வைத்தார்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவானது. என் கணவர் குழந்தையோடும் குட்டியோடும் ஷோரூமிலேயே இருந்துகொண்டார். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். பெரியவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா முன்னால் உட்கார்ந்தால் வருகிறேன் என்றாள். வழக்கமாக விற்பனையாளர்தான் ஓட்டுபவரின் பக்கத்தில் உட்காருவாராம். எங்களுக்காக அந்த இடத்தை அத்தானுக்கு விட்டுப் பின்னால் போனார். பெரியவள் நடு வரிசையில், என் தோளுக்கும் அத்தான் தோளுக்கும் இடையே முன்னால் தெரிகிற மாதிரி, மத்தியில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். விபத்துக்குப் பிறகு நான் ஓட்டும் வண்டியில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை.

அத்தான் பக்கத்தில் இருக்க ஓட்டுவது எனக்குப் பழக்கமானதுதான். எனக்கும் அக்காவுக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஓட்டுநர் பள்ளிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் கிளட்சும் இருக்கும். கற்பவர்கள் திகைத்து நின்றால் அவர் கால் அங்கே அழுத்தும். கூடவே ஒரு கை நீண்டு வந்து ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பிவிடும். காலும் கையும் ஒன்றாகப் போகும். வாய் மட்டும் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும். முதல் மாதம் முழுவதும் நாங்கள்தான் ஓட்டுகிறோம் என்று பெருமையாக இருந்தோம். அக்காதான் கண்டுபிடித்தாள். “உங்க அத்தான் காலைக் கட்டிப்போட்டாத்தான்டி நான் ஓட்டறேனா, அவர் ஓட்டறாரான்னு தெரியும்,” என்பாள்.

தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய அகலமான சாலையில் போனோம். வண்டி சொன்னபடி கேட்டது. விற்பனையாளர் பின்னாலிருந்து வளைவுகளைப் பற்றி, சக்கரப் பிடிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். கண்ணாடியில் பெரியவளின் முகம் தெரிந்தது. இறுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. அத்தான் கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளிர்கிறதா, ஏசியைக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

எங்களுக்கு முன்னால் சாமான் ஏற்றிய மூன்று சக்கர வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக் கட்டியிருந்தார்கள். மேலே இருந்த ஒன்று கழன்று, சாலையில் விழுந்து, எங்களை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தது.

நான் நேராக பிரேக்கை அழுத்தினேன். அதே கணத்தில் பக்கத்தில் தரையில் தொம் தொம் என்று இரண்டு சத்தம் கேட்டது. அதற்குள் அத்தானின் கை ஸ்டியரிங்கைப் பிடித்து, தன் பக்கம் முழு பலத்தோடு இழுத்தது.

நான் விடவில்லை. ஏன் விடவில்லை என்று இன்றைக்கும் தெரியாது. பயத்தில் விரல்கள் பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். வண்டி பாதி ஆள் அகலத்துக்கு விலகியது. எங்கோ அடியில் கடகடவென்று அதிர்ந்தது. பிறகு தன்னைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டதுபோல நேராகி, நின்றது. நாற்காலி பம்பரின் கீழே நொறுங்கியது.

“பாத்தீங்களா மேடம், ஒரு ஆட்டம் இல்ல. நான் சொன்ன சிஸ்டம் இதான்,” என்றார் விற்பனையாளர். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். நாற்காலியை எடுத்துவிட்டு வருகிறேன் என்று கதவைத் திறந்து இறங்கினார்.

அத்தானின் கை இன்னும் ஸ்டியரிங்கிலேயே இருந்தது. அவர் பெருவிரல் என் விரல்மேல் அழுந்தியிருந்தது. கீழே காரின் கால்விரிப்பு அவர் குதிகாலில் சுருண்டு, முன்பலகைவரை ஏறியிருந்தது. இரண்டு தடவை மிதித்த இடம். அங்கே ஒன்றும் கிடையாது.

எனக்கு எல்லாமே ஒரே நேரத்தில் புரிந்தது. பின்னால் இருப்பவளுக்குப் புரிந்திருக்காது என்று நான் நம்பப் பார்த்தேன்.

“அப்பா,” என்றாள் பெரியவள். “அம்மா ஓட்டினப்பவும் இப்படித்தான் புடிச்சியா?”

அத்தான் கையை எடுத்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தார். வெளியே விற்பனையாளர் உடைந்த நாற்காலிக் காலை உயர்த்திக் காட்டி, எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“காலு முதல்ல போச்சு,” என்றார் அத்தான். “பிரேக் இல்ல. அப்புறந்தான் கை போச்சு.”

“அம்மா பிரேக் போடலையா?”

“போட்டுட்டுத்தான் இருந்தா. நேரா. நான் சொல்லிக்குடுத்த மாதிரி.”

பெரியவளின் பெல்ட் மார்பில் மேலும் கீழுமாக அசைந்தது. பிறகு, “அப்ப ஏன் அம்மான்னு சொன்ன?” என்றாள்.

“நான் சொல்லலம்மா. எல்லாரும் சொன்னாங்க. நான் இல்லைன்னு சொல்லல.”

விற்பனையாளர் ஏறிக் கதவைச் சாத்தினார். போகலாமா மேடம் என்றார். நான் போனேன். திரும்பும் வழியெல்லாம் அவர் பின் இருக்கைகளை எப்படி மடக்குவது என்று விளக்கிக்கொண்டு வந்தார். நான் ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்றேன்.

ஷோரூம் வாசலில் என் கணவர் குழந்தையின் கையைப் பிடித்து எங்களுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தார். குட்டி ஓடிவந்து அத்தானின் காலைக் கட்டிக்கொண்டான். “எப்படி சகலை, கவிழுமா கவிழாதா?” என்று கேட்டார் என் கணவர்.

“கவிழாது,” என்றார் அத்தான். குட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றார்.

அன்றிரவே, என் கணவர் ஒரு வேலைக்குப் போய்த் திரும்பியபோது, மாடிப்படியில் வைத்துச் சொன்னேன். அவர் கருவிப்பையை இறக்காமலே படியில் உட்கார்ந்தார். அத்தானைத் திட்டுவார், கை ஓங்குவார் என்று நினைத்தேன். அப்படி ஏதாவது நடந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர், நாமும்தானே சொன்னோம் என்று மட்டும் சொன்னார். உண்மைதான். அக்காவுக்கு எப்போதும் அவசரம் என்று நான் யாரிடமோ சொன்னது எனக்கு நினைவிருந்தது. அதை இப்போது எங்கே போய்த் திரும்ப வாங்குவது. அவளைப் பற்றிப் பேசியவர்கள் அவரவர் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார்கள். மாஸ்டர் பொண்டாட்டி கதை கற்கப் போகிறவர்களுக்கெல்லாம் எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டுக்கொண்டிருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, அவள் நேராகத்தான் நிறுத்தினாள் என்று சொன்னால், பாவம் இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பார்கள்.

அத்தானை வீட்டைவிட்டுப் போகச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும் வார்த்தைகளைக் கடையில் லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கும்போது ஒத்திகை பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் குட்டி அவர் வயிற்றின்மேல் காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான். இருக்கிற ஒரே அப்பா. பெரியவள் அவரோடு பேசுவதில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டை அவர் முன் வைப்பாள். தண்ணீரும் வைப்பாள். அவர் அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் தட்டைப் பார்ப்பாள். நான் கேட்டால், ஒன்றுமில்லை சித்தி என்பாள். அவள் அழுது நான் பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது அதுதான்.

பள்ளிக்கூடம் எங்கேயும் நகர்ந்து வந்துவிடவில்லை. குட்டி பஸ்ஸில் வாந்தி எடுப்பதும் நிற்கவில்லை. வண்டியை வாங்கலாமா வேண்டாமா என்று என் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, பெரியவள்தான் பதில் சொன்னாள். வாங்கலாம் என்றாள். எந்த வண்டி என்று கேட்டார். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்றாள். ஓட்டிப் பார்த்த அந்த அசட்டு வண்டியையே எடுத்தோம். அதை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அது நன்றாகத்தான் இருந்தது.

வண்டியை எடுக்கப் போன அன்று விற்பனையாளர் சாவியை அத்தானிடம் நீட்டினார். வீட்டில் ஒரு மாஸ்டர் இருக்கும்போது மேடம் எதற்குச் சிரமப்பட வேண்டும் என்றார். அத்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். சாவி நடுவில் தொங்கியது. நான் வாங்கிக்கொண்டேன்.

அத்தான் வழக்கம்போல முன்கதவை நோக்கி நடந்தார். அந்தச் சீட்டில் உட்கார்ந்துதான் அவர் தன் வாழ்நாளில் பாதியைக் கழித்திருந்தார். கைப்பிடியைத் தொடும்போது, பெரியவள் நடு வரிசை இருக்கையை மடக்கிவிட்டு, கடைசி வரிசைக்குப் போகும் வழியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

“அப்பா பின்னாடி உக்காரட்டும் சித்தி,” என்றாள்.

அத்தான் குனிந்து, ஒரு கையால் கூரையைப் பிடித்து, உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே போனார். கடைசி வரிசையில் அவர் முழங்கால்கள் மார்போடு ஒட்டின. என் கணவர் குழந்தையை அதற்கான இருக்கையில் கட்டிவிட்டு நடுவில் உட்கார்ந்தார். பெரியவள் முன்னால் வந்து என் பக்கத்தில் ஏறினாள். என் கையைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தாள்.

அப்போது குட்டி அழ ஆரம்பித்தான். அப்பா ஏன் அங்கே போனார், நானும் அப்பாவோடு உட்காருவேன் என்று தரையில் காலை உதைத்தான். இங்கேயே உட்காருடா என்று என் கணவர் இழுத்தார். அவன் கேட்பதாக இல்லை. நான் பெரியவளைப் பார்த்தேன். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் நடக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவள் தன் பெல்ட்டைக் கழற்றினாள். இறங்கினாள். குட்டியைத் தூக்கிக் கடைசி வரிசைக்குள் விட்டு, தானும் பாதி உடம்பு நுழைந்து, அவனை அத்தானின் பக்கத்தில் உட்காரவைத்தாள். பெல்ட்டை இழுத்து, அவன் கழுத்தில் உரசாதபடி சரிசெய்து மாட்டினாள். மாட்டியது பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை பலமாக இழுத்துப் பார்த்தாள். அத்தானின் முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. அவர் என்னவோ சொல்லத் தொடங்கினார். அவள் திரும்பி வந்து முன்னால் ஏறி, கதவைச் சாத்தினாள்.

“போலாம் சித்தி,” என்றாள்.